டோக்கியோவில் குளியலறை இல்லாத வாடகை அறை: எடுக்கலாமா?

கரூர்க்காரன் கேட்டது:

வணக்கம். கம்பெனி கொடுத்திருந்த தங்குமிடத்தை மார்ச் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருப்பதால் குறைந்த வாடகையில் அறை தேடிக்கொண்டிருக்கிறேன். கோயென்ஜி பக்கம் ஒரு பழைய மரவீட்டின் மாடியில் அறை கிடைத்திருக்கிறது. ஆறு தத்தாமிப் பாய் விரிக்கும் அளவு, சின்னச் சமையல் மேடை, கழிப்பறை உள்ளேயே. வாடகை 38,000 யென். அதே பகுதியில் மற்ற அறைகளுக்கு 65,000-க்குக் கீழே யாரும் பேசவே இல்லை. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், இந்த அறையில் குளியலறை கிடையாதாம். "பக்கத்தில் சென்டோ (பொதுக் குளியலகம்) இருக்கிறதே" என்று தரகர் சாதாரணமாகச் சொல்கிறார்.

எனக்குத் தினமும் குளிக்காமல் ஆகாது, அதுவும் காலையில். சென்டோ என்றால் முன்பின் தெரியாதவர்கள் நடுவே துணியே இல்லாமல் குளிக்க வேண்டும் என்கிறார்கள். ஊரில் ஆற்றில் குளித்தாலும் இடுப்பில் துண்டு இருக்கும். நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. அப்புறம், இவ்வளவு பணக்கார நகரத்தில் குளியலறை இல்லாமல் ஏன் வீடு கட்டினார்கள்? இப்போதும் மக்கள் நிஜமாகவே சென்டோவுக்குப் போகிறார்களா, அல்லது அது சுற்றுலாக்காரர்களுக்கு மட்டுமா? இப்படி வாழ்ந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். தரகருக்கு இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தாமரைக்குளம்:

வேண்டாம் தம்பி. ஜனவரி இரவில் வேலை முடிந்து பதினொரு மணிக்கு வந்து, சோப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி குளிரில் இறங்க மனம் வராது. காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? டோக்கியோவை ஒட்டிய சைத்தாமா பக்கம் அரை மணி நேரம் தள்ளிப் போனால் 45,000-க்குக் குளியலறையோடு அறை கிடைக்கும். பழைய மரவீட்டில் குளிரும் அதிகம், சத்தமும் அதிகம். நன்றாக யோசித்து முடிவெடுங்கள்.

நாகை மைந்தன்:

தாமரைக்குளம் அண்ணா குளிரைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனாலும் நான் எடுக்கலாம் என்றுதான் சொல்வேன். டோக்கியோவின் வடக்கே ஜூஜோவில் இப்படிப்பட்ட அறையில்தான் என் ஜப்பான் வாழ்க்கை தொடங்கியது. இப்போது வீட்டில் தொட்டியோடு குளியலறை இருக்கிறது. இருந்தும் வாரக் கடைசியில் சென்டோவுக்குப் போகாமல் இருப்பதில்லை. என் தொழில் பாய்லர், பம்பு பராமரிப்பு. அதனால் சில சென்டோக்களின் பின்பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணக்கணக்கு. சென்டோ கட்டணத்தை முதலாளி தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, டோக்கியோ அரசுதான் உச்ச வரம்பு போடுகிறது. 2024 ஆகஸ்டில் அதைப் பெரியவர்களுக்கு 550 யென் ஆக்கினார்கள். போர் முடிந்து எதற்கும் பஞ்சமாக இருந்த 1946-ல் விலைவாசிக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்று போட்டார்கள். அப்போது எத்தனையோ பொருள்கள் அதன் கீழ் வந்தன. ஒவ்வொன்றாக விலக்கு பெற்று, இன்றும் அந்த ஆணையின் பிடியில் இருப்பது பொதுக் குளியல் கட்டணம் மட்டும்தான். உடம்பைக் கழுவுவது ஏழைக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது, எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று. தினமும் போனால் மாதம் 16,500 யென். உங்கள் வாடகை வித்தியாசம் 27,000. பத்தாயிரம் மிச்சம். வெந்நீருக்கு ஆகும் காஸ் செலவும் இல்லை. பத்துச் சீட்டுள்ள கட்டாக வாங்கினால் இன்னும் கொஞ்சம் குறையும்.

எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அறையிலிருந்து சென்டோவுக்கு இரவு நேரத்தில் நடந்து பாருங்கள். பகலில் பார்த்தால் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை. இரவில், அதுவும் குளித்துவிட்டுத் திரும்பும்போது, அதுவே பெரிய தூரம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை இருக்கும், அன்றைக்குப் போக நடக்கும் தூரத்தில் இரண்டாவது சென்டோ வேண்டும். அந்த விஷயத்தில் கோயென்ஜி நல்ல இடம். 1933-ல் தொடங்கிய கொசுகியு என்ற சென்டோ அங்கேதான் இருக்கிறது. பால் கலந்த வெந்நீர்த் தொட்டிக்கும், வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் மாறி மாறி இறங்கும் பழக்கத்துக்கும் பெயர் போன இடம். மாலையில் போனால் மாணவர்கள், கித்தார் தூக்கிக்கொண்டு வரும் பையன்கள், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும் பாட்டிகள் எல்லோரையும் பார்க்கலாம். சுற்றுலாக்காரர்களும் வருகிறார்கள், ஆனால் அதைத் தாங்கி நிற்பது பக்கத்துத் தெருக்காரர்கள்தான்.

காலைக் குளியலை மறந்துவிடுங்கள். பெரும்பாலான சென்டோக்கள் மதியம் மூன்று, நான்கு மணிக்குத் திறந்து இரவு பதினொன்று, பன்னிரண்டுக்கு மூடும். ஞாயிறு காலையில் திறப்பவை சில உண்டு. ஜப்பானியர்கள் பகலின் அழுக்கைக் கழுவிவிட்டுப் படுக்கப் போகிறவர்கள். நானும் கொஞ்ச நாளில் மாறிவிட்டேன். காலையில் முகம் கழுவி, ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டால் போதும். இரவில் சூடான தொட்டியில் ஊறிவிட்டுப் படுத்தால் வரும் தூக்கத்தை ஒரு முறை அனுபவித்துவிட்டால் காலைக் குளியலைத் தேட மாட்டீர்கள்.

கூச்சத்துக்கு வருகிறேன். கதவில் தொங்கும் துணியைத் தாண்டி உள்ளே போனதும் செருப்பு வைக்கும் சின்னப் பெட்டிகள் இருக்கும். மரப்பலகையே சாவி, இழுத்து எடுத்தால் பெட்டி பூட்டிக்கொள்ளும். பழைய முறையில் கட்டணம் வாங்குபவர் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே உயரமான மேடையில் உட்கார்ந்திருப்பார், அதற்கு பண்டாய் என்று பெயர். அங்கிருந்து இரண்டு உடைமாற்றும் அறைகளும் தெரியும், அதில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாதான். இப்போது அநேக சென்டோக்களில் அதை எடுத்துவிட்டு, வாசலிலேயே மேசை போட்டுப் பணம் வாங்குகிறார்கள். அதனால் பயம் வேண்டாம்.

உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அவரவர் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, குழாயைத் திறந்து, சுவர்க் கண்ணாடியைப் பார்த்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கையில் ஒரு சிறு துண்டு இருக்கும், நடக்கும்போது அதை முன்னால் பிடித்துக்கொள்வார்கள், அதுவும் இளைஞர்கள்தான். கிழவர்கள் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு வேறு விஷயங்களில் கண். சோப்பு நுரையோடு தொட்டியில் இறங்குகிறானா, துண்டைத் தண்ணீருக்குள் போடுகிறானா, நின்றுகொண்டு ஷவரை அடித்துப் பக்கத்தில் உள்ளவர் மேல் தெளிக்கிறானா, இதைத்தான் கவனிப்பார்கள். முழுக்கத் தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டி. தொட்டி அழுக்குப் போக்க அல்ல, ஊற. முடித்து வெளியே வரும்முன் உடம்பை அந்தச் சிறு துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு உடைமாற்றும் அறைக்கு வர வேண்டும், தரை நனையக் கூடாது. இவ்வளவு தெரிந்தால் நீங்கள் வெளிநாட்டுக்காரர் என்பதே அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை.

முன்கூட்டியே பார்த்துப் பழக வேண்டுமென்றால் நல்ல வழி ஒன்று இருக்கிறது. கொகானெய் பூங்காவுக்குள் எடோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டிட அருங்காட்சியகம் இருக்கிறது. அடாச்சி வட்டாரத்தில் 1929-ல் கட்டிய கொதகாராயு என்ற சென்டோவை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் இல்லை, சட்டை போட்டுக்கொண்டே தொட்டிக்குள் இறங்கிப் பார்க்கலாம். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பண்டாய் மேடை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம். கோயென்ஜியிலிருந்து சூவோ ரயில் பாதையில் முசாஷி-கொகானெய் போய்ப் பேருந்து. சனி ஞாயிறில் கோயென்ஜியில் விரைவு ரயில் நிற்காது, மஞ்சள் கோடு போட்ட ரயிலில் மித்தாகா வரை போய் மாறிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை.

அதன் முகப்பைப் பார்த்தால் கோயில் என்றுதான் நினைப்பீர்கள். 1923-ல் வந்த பெரிய நிலநடுக்கமும் தீயும் டோக்கியோவை அழித்த பிறகு, மறுபடி கட்டிய சென்டோக்களுக்குக் கோயில் போல வளைந்த கூரை வைக்கும் வழக்கம் பரவியது. எல்லாவற்றையும் இழந்து நின்ற மக்கள், கரியும் புழுதியுமாக வந்து, அப்படியொரு வாசலுக்குள் நுழைந்து வெந்நீரில் இறங்கியிருப்பார்கள். அந்தக் கூரையை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்கள் ஞாபகம்தான் வரும்.

வீட்டில் ஏன் குளியலறை இல்லை என்று கேட்டீர்கள். எடோ என்று பெயர் இருந்த காலத்திலிருந்தே இந்த நகரம் மரத்தால் ஆனது. 1657-ல் பற்றிய தீயில் நகரத்தின் பெரும்பகுதி போயிற்று. சாமானியர்கள் வரிசை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள், கிணறும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது. அங்கே வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டித் தொட்டி நிறையத் தண்ணீர் காய்ச்சுவது ஆபத்து, விறகும் விலை அதிகம். அதனால் குளியல் தெருவின் வேலையாகிவிட்டது. அப்போதைய குளியலகம் இன்றைக்கு மாதிரி வெளிச்சமாக இருக்காது. சூடு வெளியே போகாமலிருக்க, தொட்டிக்குப் போகும் வழியில் மேலிருந்து பலகையை இறக்கி அடைத்திருப்பார்கள், குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே இருட்டு, ஆவி. ஆணும் பெண்ணும் சேர்ந்தே குளித்தார்கள். 1791-ல் அரசு தடை போட்டது, அதற்குப் பிறகும் பல இடங்களில் நிற்கவில்லை. 1868-ல் தொடங்கிய மெய்ஜி காலத்தில்தான் இருட்டறையும் கலப்புக் குளியலும் முடிவுக்கு வந்தன. அந்தப் பழைய குளியலகங்களில் ஆண்களுக்கு மாடியில் ஓய்வறை, தேநீர், சதுரங்கம் போன்ற ஷோகி ஆட்டம். குளிக்க வந்தவன் பாதி நாள் அங்கேயே கிடப்பானாம்.

போருக்குப் பின்னும் இதே நிலைதான். கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்களுக்கு மரவீடுகளை அவசரமாகக் கட்டினார்கள், ஆளுக்கு ஓர் அறை, குளியலறை கிடையாது. நீங்கள் பார்த்த வீடு அந்த வகையின் வாரிசு. 1963 கணக்கெடுப்பில் ஜப்பானில் பத்தில் ஆறு வீடுகளில்தான் குளியலறை இருந்தது. 1968 வாக்கில் சென்டோக்கள் உச்சத்தைத் தொட்டன, நாடு முழுக்க 18,000 அளவில், டோக்கியோவில் மட்டும் 2,600-க்கு மேல். இதற்கிடையே 1955-ல் தொடங்கிய வீட்டுவசதிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வீட்டுக்குள்ளேயே குளியலறை வந்துவிட்டது, மற்றவர்களும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். இன்று நாடு முழுக்க 2,000-க்கும் கீழே, டோக்கியோவில் 500-க்கும் கீழே. சென்டோக்களின் அரசன் என்று பெயரெடுத்த கித்தா-செஞ்சு தாய்கோகுயு கூட 2021-ல் மூடிவிட்டது.

ஏன் மூடுகிறார்கள் என்பதைப் பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் புரியும். சென்டோ புகைபோக்கி பொதுவாக 23 மீட்டர் உயரம். அதன் கீழே, இடித்த பழைய வீடுகளின் உத்தரங்களை அடுக்கி வைத்திருப்பார்கள், அதுதான் விறகு. நெருப்பு போட்டால் ஆள் கூடவே இருக்க வேண்டும், அடிக்கடி கட்டை தள்ள வேண்டும். விறகு வரத்துக் குறைந்ததும் பலர் எண்ணெய்க்கும் காஸுக்கும் மாறினார்கள், அதன் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. தொட்டித் தண்ணீர் வடிகட்டி வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்தப் பம்பு நின்றால் கடை மூட வேண்டியதுதான். இரவு கடைசி ஆள் போன பிறகு தொட்டியைக் காலி செய்து, ஓடு ஓடாகத் தேய்த்து, வாளி, ஸ்டூல் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து முடிக்க நள்ளிரவு தாண்டி இரண்டு மணி, மூன்று மணி ஆகும். நான் பழுது பார்க்கப் போன ஓரிடத்தில் கணவனும் மனைவியும் எழுபதைத் தாண்டியவர்கள். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். பாய்லர் மாற்ற ஆகும் தொகையைச் சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியது. 550 யென்னுக்குள் இவ்வளவு உழைப்பு இருக்கிறது. அதனால்தான் தரகர் காட்டும் சென்டோவைப் பற்றி விசாரியுங்கள் என்கிறேன். அடுத்து நடத்த ஆள் இருக்கிறதா, பாய்லர் புதிதா என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டு வருட ஒப்பந்தம் போடுகிறீர்கள், அதுவரை சென்டோ இருக்க வேண்டுமே.

சுவரோவியம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டோக்கியோ சென்டோவில் தொட்டி கடைசிச் சுவரை ஒட்டி இருக்கும், அந்தச் சுவர் முழுக்க ஃபூஜி மலை. 1912-ல் காந்தாவில் கிகாய்யு என்ற சென்டோவில்தான் இது தொடங்கியது. குழந்தைகள் தொட்டிக்கு ஆசையாக வர வேண்டும் என்று முதலாளி ஓர் ஓவியரைக் கூப்பிட்டார், அவர் ஷிசுவோகாக்காரர், தன் ஊர் மலையை வரைந்துவிட்டார். பிறகு ஓவியத்தின் கீழே அக்கம்பக்கத்துக் கடைகளின் விளம்பரம் வந்தது, அந்தக் காசில் ஓவியத்தைப் புதுப்பித்தார்கள். விடுமுறை நாளில் வந்து, பழைய வண்ணத்தின் மேலேயே வரைந்து, அதே நாளில் முடித்துவிட்டுப் போவார்கள். அஸ்தமன சூரியனும் உதிரும் இலைகளும் வரைய மாட்டார்கள், வியாபாரம் சரியும் என்ற நம்பிக்கை. இந்த வேலையைத் தொழிலாகச் செய்பவர்களை இப்போது ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

மலர் (ஒசாகா):

அண்ணா ஆண்கள் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் பெண்கள் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் ஒசாகா பக்கத்து சென்டோ டோக்கியோ மாதிரி இருக்காது. தொட்டி நடு அறையில் இருக்கும், சுற்றிலும் உட்கார ஒரு படி. முதலில் அந்தப் படியில் உட்கார்ந்து, தொட்டியிலிருந்தே வாளியால் மொண்டு மேலுக்கு ஊற்றிக்கொள்வோம். எல்லா சென்டோவிலும் பார்க்கும் மஞ்சள் பிளாஸ்டிக் வாளி, கெரோரின் என்று எழுதியிருக்கும், ஒரு வலிநிவாரணி மருந்தின் விளம்பரமாக 1963-ல் வந்தது. டோக்கியோ வாளியைவிட எங்கள் வாளி சிறியது, 100 கிராம் எடை குறைவு. தொட்டியில் மொண்டு ஊற்றுகிறவர்களுக்குக் கனமான வாளி கை வலிக்கும் என்று தனியாகச் செய்தார்கள்.

எங்கள் தெரு சென்டோவில் உடைமாற்றும் அறையில் இன்னும் குழந்தைத் தொட்டில் கட்டில்கள் இருக்கின்றன. அம்மா குளிக்கும் வரை பணியாள் குழந்தையைத் துடைத்து, பவுடர் போட்டு வைத்திருப்பாராம். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் பெண்கள் தலைக்குத் தண்ணீர் விட்டால் தனியாகக் கட்டணம் கொடுக்க வேண்டுமாம், நீள முடிக்கு வெந்நீர் நிறையச் செலவாகுமே. இப்போது அந்தக் கட்டணம் இல்லை. ஆனால் தலையை உள்ளே விட்டு உட்காரும் பழைய முடி உலர்த்தி நாற்காலி இன்னும் இருக்கிறது, 20 யென் போட்டால் ஓடும். என் முடிக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டும். குளிர்காலத்தில் ஈரத் தலையோடு வெளியே போகாதீர்கள் தம்பி, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புதிதாக வந்த காலத்தில் எனக்கு இங்கே யாரையும் தெரியாது. கணவர் வேலைக்குப் போய்விடுவார், நான் நாள் முழுக்க வாய் திறக்காமல் இருப்பேன். நான் பேசிய முதல் ஜப்பானியச் சொற்கள் எல்லாம் அந்தத் தொட்டியில் கற்றவை. சூடாக இருக்கிறதா, குழந்தை எப்போது, இன்றைக்குத் தக்காளி எங்கே மலிவு. ஒரு வாரம் போகாமல் இருந்தால் "உடம்பு சரியில்லையா" என்று கேட்பார்கள். அந்தப் பாட்டி கோபேயில் இருந்தவர். 1995 நிலநடுக்கத்துக்குப் பிறகு காஸ் இணைப்பு திரும்பி வர மாதக்கணக்கானது என்றும், திறந்திருந்த சென்டோ வாசல்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள் என்றும் சொல்வார். இங்கே பல சென்டோக்களுக்குச் சொந்தக் கிணறு உண்டு, அவசர காலத்தில் அது தெருவுக்கே உதவும்.

மே 5 அன்று தொட்டியில் வசம்புச் செடியின் நீண்ட பச்சை இலைகளைப் போடுவார்கள். டிசம்பரில் இரவு மிக நீளமாக இருக்கும் நாளில் யுசு பழங்கள் மிதக்கும், அந்த எலுமிச்சை வாசனை மறுநாள் வரை தோலில் இருக்கும். அந்த இரண்டு நாளும் தவறவிடாதீர்கள்.

கரூர்க்காரன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை கொகானெய் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காலியான தொட்டிக்குள் நின்று பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. தொட்டி நான் நினைத்ததைவிட ஆழம். இரவில் அறையிலிருந்து நடந்தும் பார்த்தேன், சென்டோ ஆறு நிமிடத் தூரம், இரண்டாவது சென்டோ பன்னிரண்டு நிமிடம். கடைக்காரர் அம்மாவிடம் விசாரித்தேன், முதலாளியின் மகள் இப்போது பொறுப்பேற்று நடத்துகிறாராம்.

இன்னும் இரண்டு விஷயம் அண்ணா. என் கையில் அம்மா பெயரைப் பச்சை குத்தியிருக்கிறேன். பச்சை குத்தியவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்று படித்தேன். அப்புறம் தண்ணீர் ரொம்பச் சூடு என்கிறார்களே, எவ்வளவு இருக்கும்?

நாகை மைந்தன்:

மகள் பொறுப்பேற்றிருக்கிறார் என்றால் நல்ல செய்தி, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

பச்சை பற்றி: நீங்கள் படித்தது ஒன்சென் எனப்படும் வெந்நீர் ஊற்று விடுதிகள், சூப்பர் சென்டோ எனப்படும் பெரிய குளியல் கூடங்கள், நீச்சல் குளங்கள் பற்றியதாக இருக்கும். தெரு சென்டோக்கள் பெரும்பாலும் யாரையும் தடுப்பதில்லை. அக்கம்பக்கத்து மக்கள் குளிப்பதற்கென்றே இருக்கும் இடம், வேறு எங்கே போவார்கள். முதுகு முழுக்கப் பச்சை குத்திய கிழவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலை தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் முதல் நாள் மேசையில் கையைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பது அவர்களுக்குப் பிடிக்கும்.

சூடு பற்றி: வழக்கமாக 42, 43 டிகிரி. சில பழைய சென்டோக்களில் அதற்கு மேலும் போகும். தொட்டிக்குப் பக்கத்தில் வெப்பமானி இருக்கும், பாருங்கள். நேராக இறங்காமல், வாளியால் கால், இடுப்பு, தோள் என்று மொண்டு ஊற்றி உடம்பைப் பழக்கிவிட்டு இறங்குங்கள். முதல் தடவை இரண்டு நிமிடம் போதும். தலை சுற்றுவது போலிருந்தால் உடனே ஏறி ஓரத்தில் உட்காருங்கள். வெறும் வயிற்றிலோ, பீர் குடித்துவிட்டோ போகாதீர்கள். குளிர்ந்த நீர்க் குழாய் தொட்டி ஓரத்தில் இருக்கும், ஆனால் மற்றவர்கள் உள்ளே இருக்கும்போது கேட்காமல் திறக்க வேண்டாம், சூட்டை விரும்பும் பெரியவர்கள் உண்டு. சில சென்டோக்களில் மின்சாரம் மெல்லப் பாயும் தொட்டி ஒன்று தனியாக இருக்கும், பலகையில் எழுதியிருப்பார்கள், இதய நோய் உள்ளவர்கள் அதில் இறங்கக் கூடாது.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்று, நூறு யென் கடையில் கிடைக்கும், தண்ணீர் வடிந்துவிடும். சிறு துண்டு ஒன்று உள்ளே கொண்டுபோக, பெரிய துண்டு ஒன்று உடைமாற்றும் அறையில் வைக்க. சோப்பும் ஷாம்புவும் சில இடங்களில் வைத்திருப்பார்கள், டோக்கியோவில் பல இடங்களில் இருக்காது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போகாதீர்கள், தொட்டியில் படலம் மிதக்கும். எண்ணெய்க் குளியல் வேண்டுமென்றால் தேய்க்கும் இடத்தில் சோப்பு போட்டு முழுக்கக் கழுவிய பிறகே தொட்டி. கூடையைக் கழுவி அங்கேயே வைத்துவிட்டுப் போக அனுமதிக்கும் இடங்களும் உண்டு, பழகியதும் கேட்டுப் பாருங்கள்.

முடித்ததும் குளிர்ப்பெட்டியில் காப்பிப் பால் இருக்கும், அதைக் குடித்துவிட்டு, தலை நன்றாகக் காய்ந்த பிறகு கிளம்புங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் தரகரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: துணி துவைக்கும் இயந்திரம் வைக்க இடமும் குழாயும் அறையில் இருக்கிறதா? இந்த மாதிரிப் பழைய அறைகளில் அதுவும் இருக்காது. இல்லையென்றால் கவலை வேண்டாம், பல சென்டோக்களை ஒட்டியே காசு போட்டுத் துவைக்கும் இடம் இருக்கும், துணியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம். ஆனால் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.